வளைய வேண்டியது தண்டா, மணிக்கட்டா?

பெங்களூரிலிருந்து வார இறுதிகளில் கயாக் செலுத்தப் போகிறவர்கள் இன்று எண்ணிக்கையில் பெருகிவருகின்றனர். காவிரிக்கரைப் பீமேஸ்வரிக்கும் சராவதியின் தேக்கநீரை ஒட்டிய ஹொன்னேமரடுவுக்கும் செல்லும் இவர்களுள் புதியவர்கள் சிலர், திரும்பி வரும்போது மணிக்கட்டு நோவையும் உடன் கொண்டுவருகின்றனர். அதைப் பழகியவர்களிடம் சொன்னால் கேள்விகள் ஒழுங்காக வருகின்றன. எந்தத் துடுப்பு? என்ன நீளம்? அலகுகளின் திருப்பம் எத்தனை பாகை? தண்டின் பருமன் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா? இவையெல்லாம் முடிந்த பின்னரே, ‘எப்படிப் பிடிக்கிறீர்கள்?’ என்ற கேள்வி எழுகிறது. அதே நகரின் வடமேற்கில், துமகூரு சாலையை ஒட்டிய பீன்யாவில், நாளெல்லாம் அரம் பிடிக்கும் ஒருவரோ நூல் நறுக்கும் ஒருவரோ இதே நோவைச் சொன்னால் வரிசை தலைகீழாகிறது. ‘எப்படிப் பிடிக்கிறாய்?’ என்பதே அங்கு முதற்கேள்வி. பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியும் ஆகிவிடுகிறது. இடையில் ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆனதையும் கவனிக்கலாம்.

இருவருக்கும் மணிக்கட்டில் உள்ளவை அதே எட்டுச் சிற்றெலும்புகள்தாம், அதே தசைநாண்கள்தாம். ஆயினும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவருக்குக் கருவியைப் பற்றிய அறிவு கிடைக்கிறது. அவ்வுரிமை இல்லாதவருக்கு அவருடைய உடலைப் பற்றிய அறிவுரை மட்டும் கிடைக்கிறது. இவ்வேறுபாடு அறிவின் பற்றாக்குறையால் விளைந்ததன்று என்பதைக் காணத் துடுப்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஒகேனக்கல் பரிசல்காரரின் துடுப்பில் ஒரு முனையில் மட்டுமே பலகை உண்டு. கயாக் துடுப்பிலோ தண்டின் இரு முனைகளிலும் அலகுகள் உள்ளன. ஒன்று நீருக்குள் இழுபடும்போது மற்றொன்று காற்றில் முன்னோக்கிச் செல்கிறது. எதிர்க்காற்று வீசினால் அந்த மேல் அலகு சிறு பாயாகி வேகத்தைத் தடுக்கும். எனவே இரு அலகுகளையும் ஒரே தளத்தில் வைக்காமல், ஒன்றுக்கொன்று ஒரு கோணத்தில் திருப்பி வைக்கும் வழக்கம் தோன்றியது. ‘ஃபெதர்’ என்று கயாக் செலுத்துவோர் குறிப்பிடுவது இதையே. ஒரு காலத்தில் 80 முதல் 90 பாகை வரை திருப்பிய துடுப்புகளே மிகுதி. இன்று 30 முதல் 60 வரையிலான கோணங்கள் பரவலாகிவிட்டன. திருப்பமே வேண்டாம் என்போரும் பலர். நடுவே பிரித்துப் பூட்டும் துடுப்புகளில் இக்கோணத்தை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியும்.

காற்றில் மிச்சமாகும் உழைப்புக்கு மணிக்கட்டு விலை கொடுக்கிறது. பெரும்பாலோர்க்கு வலக்கையே தண்டைத் திருப்பும் கை. வலப்புற இழுப்பு முடிந்து இடப்புற அலகு நீரில் செங்குத்தாக இறங்க வேண்டுமானால், வலது மணிக்கட்டு பின்புறமாக மடங்கித் தண்டைச் சுழற்ற வேண்டும். நிமிடத்துக்கு 30 சுற்று எனக் கொண்டால் ஒரு மணி நேரத்தில் 1,800 மடிப்பு. மூன்று மணி நேரப் பயணத்தில் 5,400. மணிக்கட்டு நேராக இருக்கும்போது தசைநாண்கள் தம் உறைகளுக்குள் தடையின்றி வழுக்கிச் செல்கின்றன. அது மடங்கியிருக்கும்போது அவை எலும்பின் விளிம்பிலும் உறையின் சுவரிலும் உராய்கின்றன. உள்ளங்கைப் பக்கத்தில் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் சேர்ந்து செல்லும் குறுகிய வழியில் அழுத்தம் கூடுகிறது. மடங்கிய மணிக்கட்டில் பிடியின் வலுவும் குறைவதால், அதே தண்டை அதே உறுதியுடன் பிடிக்க விரல்கள் இன்னும் இறுக வேண்டியிருக்கிறது. தொல்லை தொல்லையைப் பெருக்குகிறது.

கோணத்தை 0 ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. துடுப்பை உயர்த்திச் செங்குத்தாகச் செலுத்துபவரின் முழங்கையும் தோளும் மேலெழும்போது தண்டு தானாகவே ஓரளவு திரும்புகிறது. அவருக்கு மிதமான திருப்பமே இயல்பாக அமையக்கூடும். தாழ்வாக, நிதானமாகச் செலுத்துபவருக்கு 0 பொருந்தலாம். பிறர் சொன்ன எண்ணை அப்படியே ஏற்பதைவிட, மணிக்கட்டு நேராக நிற்கும் கோணத்தைத் தம் கையிலேயே தேடிக் காண்பதுதான் சரியான வழி.

இத்தேடலில் மிகப் பழைய விடை கிரீன்லாந்தின் இனுயிட் மக்களுடையது. அவர்களுடைய துடுப்பின் அலகு ஒடுக்கமானது; ஒரு கையால் சுற்றிப் பிடிக்கக்கூடிய அகலமே கொண்டது. ஒடுங்கிய அலகைக் காற்று அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகவே திருப்பமும் தேவைப்படுவதில்லை. அகன்ற அலகு உண்டாக்கிய சிக்கலுக்குத்தான் திருப்பம் தீர்வாக வந்தது. அத்தீர்வு மணிக்கட்டுக்குச் சிக்கலாயிற்று. கிரீன்லாந்துத் துடுப்பின் நீளத்தை அளக்கும் மரபும் குறிப்பிடத்தக்கது. செலுத்துபவர் இரு கைகளையும் விரித்த அகலம், அதனுடன் முழங்கை முதல் விரல்நுனி வரையிலான நீளம். நம் கடற்கரை மொழியில் சொன்னால் ஒரு பாகமும் ஒரு முழமும். தண்டின் நடுப்பகுதி அவரவர் தோளகலத்தை ஒட்டியது. கருவியின் அளவுகோலாகப் பயன்படுத்துபவரின் உடலையே கொண்டவர்களுக்கு ‘பொருத்தம்’ என்பது தனியே கற்க வேண்டிய பாடமாக இருந்திருக்காது.

இன்றைய கடைத் துடுப்புகளிலும் இவ்வுணர்வு ஓரளவு திரும்பியிருக்கிறது. வழக்கமான தண்டின் விட்டம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். சிறிய கைகளுக்கென மெலிந்த தண்டுகளும் விற்கப்படுகின்றன. பருத்த தண்டைச் சிறிய கை நாள் முழுதும் இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசைகள் தளர வழியே இல்லை. அலகின் பரப்பைக் குறைத்தால் ஒவ்வோர் இழுப்பிலும் மூட்டுக்கு வரும் சுமை குறைகிறது. எடையில் நூறு, இருநூறு கிராம் வேறுபாடும் ஆயிரக்கணக்கான முறை தூக்கும்போது சிறிதன்று. இறுதியாக, பிடிக்கும் இடங்களில் வளைவு கொடுத்த தண்டு. முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் நிற்கும்படி அங்கே தண்டே வளைந்துகொடுக்கிறது. அதற்கும் குறையுண்டு, வளைவு அமைந்த இடத்தில்தான் கை நிற்க வேண்டும், பிடியை நகர்த்திக்கொள்ள முடியாது. விலையும் கூடுதல்.

செலுத்தும் முறை பற்றிய அறிவுரைகளும் தெளிவானவை. விரல்கள் தண்டை நசுக்காமல் வளையம்போல் சுற்றியிருக்க வேண்டும். மேற்கை முன்தள்ளும்போது விரல்கள் சற்றே திறக்கலாம். உந்துவிசை தோளிலும் முன்கையிலும் பிறக்காமல் இடுப்புக்கு மேலுள்ள உடல் திரும்புவதில் பிறக்க வேண்டும். தள்ளும் கையின் மணிக்கட்டு பின்னோக்கி ஒடிந்து நிற்கக் கூடாது.

இவ்வளவும் துடுப்பின் கதை. இதில் ஒரு திருப்பத்தைச் சேர்த்தவர்கள் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள். டிம் நோக்ஸ் உள்ளிட்ட குழுவினர் நீண்டதூரத் துடுப்புப் போட்டிகளில் கலந்துகொண்டோரின் மணிக்கட்டை ஆராய்ந்து, 1999இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மணிக்கட்டின் பின்புறத் தசைநாண் உறையில் அழற்சி கண்டது. படகின் வகைக்கும் அலகுகளின் கோணத்துக்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை. காற்று, அலை, வேகநீரோட்டம் ஆகிய சூழல்களுக்கும், தள்ளும் கட்டத்தில் மணிக்கட்டு மிகையாகப் பின்மடிவதற்கும் தொடர்பு இருந்தது. போட்டிக்கு முந்தைய எட்டு வாரங்களில் வாரம் 100 கிலோமீட்டருக்கு மேல் பயிற்சி செய்தவர்களிடம் நோவு குறைவு.

கோணத்தைப் பற்றி இரவெல்லாம் வாதிடும் ஆர்வலர்களுக்கு இது சங்கடமான முடிவு. முறையே முக்கியம், கருவி இரண்டாம் பட்சம் என்று பீன்யாவின் மேற்பார்வையாளரும் இதை மேற்கோள் காட்டக்கூடும். ஆனால் முடிவை முழுமையாக வாசிக்க வேண்டும். காற்றும் அலையும் செலுத்துபவரின் முறையன்று. அவை அவர்மேல் வந்து விழும் சுமை. எட்டு வாரம் படிப்படியாகக் கைக்குப் பழக்கம் தருவதும் தனிமனிதரின் பிடிமுறையன்று. அது கால அட்டவணை. (மிகுதியாகப் பயிற்சி செய்தவர்களுக்கு நோவு குறைவு என்பதைக் கூட ஐயத்துடனேயே அணுக வேண்டும், நோவு வந்தவர்கள் பயிற்சியைக் குறைத்திருக்கலாம் அல்லவா? இந்த ஐயம் பீன்யாவிலும் தேவைப்படும்.) துடுப்பின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கருவி, முறை, சுமை, பழகும் காலம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம். பொழுதுபோக்குக்காகச் செய்யும் ஒரு வேலையில் இந்நான்கும் ஆராயப்பட்டுவிட்டன. பிழைப்புக்காகச் செய்யும் வேலையில்?

பீன்யா 1970களில் உருவான தொழிற்பேட்டை. ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. 2014 மார்ச்சில் சம்பிகே சாலையிலிருந்து மெட்ரோ ரயில் இங்கு வரை ஓடத் தொடங்கியபோது, ஒரு நிலையத்துக்குப் பெயரே ‘பீன்யா இண்டஸ்ட்ரி’ என்றாயிற்று. லேத் பட்டறை, பிரஸ், டை காஸ்டிங், எலக்ட்ரோபிளேட்டிங், ஆயத்த ஆடை என்று சிறியதும் நடுத்தரமுமான ஆலைகள் நெருங்கி நிற்கும் இடம். வெளியுலகம் பீன்யாவின் உற்பத்தியை அறியும். அதன் நிலத்தடி நீரில் கலந்த குரோமியத்தையும் ஓரளவு அறியும். அங்குள்ள மணிக்கட்டுகளைப் பற்றிய பேச்சு அரிது.

இயந்திரம் கடைந்து முடித்த உலோகத் துண்டின் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை அரத்தாலோ சுரண்டியாலோ நீக்க வேண்டும். ஒரு கை துண்டைப் பிடிக்க, மற்றொரு கை சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, அழுத்தி, திருப்பி இழுக்கும். ஆடை ஆலையில் தைத்து முடித்த சட்டையின் நூல்முனைகளை உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கத்தரியால் நறுக்குகிறார்கள். கட்டைவிரலும் மணிக்கட்டும் இடைவிடாமல் இயங்குகின்றன. காலரைத் திருப்பி முனையைக் கூராக்குதல், ஸ்க்ரூ டிரைவரால் முடுக்குதல், குறட்டால் கம்பியை முறுக்குதல் என்று பட்டியல் நீளும். சிறு வட்டமாகத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் வேலைகள் இவை. 1980களின் நடுவில் பார்பரா சில்வர்ஸ்டைனும் உடனாய்வாளர்களும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்த ஆய்வு, ஒரு சுற்று 30 விநாடிக்குள் முடியும் வேலையை ‘மிகுதியாகத் திரும்பச் செய்வது’ என வரையறுத்தது. அத்தகைய வேலையில் விசையும் கூடினால் கை, மணிக்கட்டு நோய்களின் வாய்ப்பு பன்மடங்காக உயர்வதையும் காட்டியது. 30 விநாடிச் சுற்று என்பது எட்டு மணி நேரத்தில் 960 முறை. நூல் நறுக்கும் கைக்கு 30 விநாடி நீண்ட நேரம்.

இங்கே கையிலுள்ள கருவியைத் தேர்ந்தவர் யார்? அரத்தின் கைப்பிடி சில இடங்களில் துணி சுற்றிய வெறும் முனை. கத்தரி மொத்தமாக வாங்கியது. துடுப்புத் தண்டுக்கு மெலிந்த வகை இருப்பதுபோல அரத்துக்கு ‘சிறிய கை’ வகை கேட்டு வாங்கும் வழக்கம் கிடையாது. இந்தியர் உடலளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்ரவர்த்தியின் நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே வெளியிட்டுவிட்டது. கையின் அளவுகளும் அதில் உண்டு. அவ்வளவுகள் பட்டறையின் கொள்முதல் சீட்டு வரை வந்து சேரவில்லை.

தொழில்நுட்பம் எட்டாதது என்று சொல்லவும் முடியாது. குழாயை வளைப்பது பீன்யாவில் அன்றாட வேலை. வரைபடம் கொடுத்தால் எந்தக் கோணத்திலும் வளைத்துக் கொடுக்கும் பட்டறைகள் அங்கு உள்ளன. வளைந்த துடுப்புத் தண்டையும் அவை செய்து தரும். பிறருக்காக எத்தனையோ தண்டுகளை வளைக்கும் ஊர், தன் கையிலுள்ள கருவியின் பிடியை மட்டும் நேராகவே விட்டிருக்கிறது.

கருவியை வளைத்தால் கை பிழைக்கும் என்ற கருத்து புதியதன்று. எர்வின் டிஷாவர் 1970களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் குறடுகளை ஆராய்ந்தார். நேரான கைப்பிடி கொண்ட குறட்டைப் பயன்படுத்த மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய வேண்டியிருந்தது. வளைந்த கைப்பிடியில் மணிக்கட்டு நேராக நின்றது. அதைப் பயன்படுத்திய பயிற்சியாளர்களிடம் நோவு வெகுவாகக் குறைந்தது. தொழிலிடப் பொறியியல் பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் எடுத்துக்காட்டு இது. வளைந்த துடுப்புத் தண்டுக்கு உள்ள குறை இதற்கும் உண்டு: வேலைப்பொருள் நிற்கும் திசை மாறினால் அதே வளைவு கையை வேறு பக்கம் ஒடிக்கும். ஆகவே கருவியுடன் மேசையின் உயரத்தையும் துண்டின் நிலையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அது சற்றுக் கடினம். ஊழியரைப் பார்த்து ‘கையை நேராக வை’ என்று சொல்வது எளிது.

மணிக்கட்டின் பாகையைத் தொழிலகம் அளக்கவே இல்லை என்றால் அதுவும் உண்மையாகாது. அளந்தது, வேறொரு நோக்கத்துக்காக. மேனார்டு, ஸ்டெகெமெர்ட்டன், ஷ்வாப் மூவரும் 1948இல் நூலாக வெளியிட்ட எம்.டி.எம். முறை, கையின் அசைவுகளை ஒரு மணி நேரத்தின் இலட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு கணக்கிடுகிறது. அதில் ‘திருப்பு’ என்ற அசைவுக்குத் தனி அட்டவணை உண்டு. கையையும் முன்கையையும் 30 பாகை திருப்ப, சிறு சுமையானால் 2.8 அலகு, 180 பாகை திருப்ப 9.4 அலகு, அதாவது ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆடை ஆலைகளில் பரவலாகப் பயன்படும் தையல் நேரத் தரவு முறை எம்.டி.எம். மீது எழுப்பப்பட்டதே. துடுப்புக்காரர் பாகையைக் கணக்கிட்டது மூட்டைக் காப்பதற்கு. இங்கே பாகை நேரமாகி, நேரம் மணிக்கணக்கு இலக்காகி, இலக்கு மீண்டும் அதே மூட்டின்மேல் வந்து அமர்கிறது. பொறியியல் கல்லூரிகளின் தொழிலகப் பொறியியல் ஆய்வகத்தில் நேர ஆய்வு கட்டாயப் பயிற்சி. அதே வகுப்பில் மணிக்கட்டின் கோணத்தைக் கோணமானியால் அளக்கச் சொல்லும் ஆசிரியர்கள் எத்தனை பேர்?

அளக்கச் சொல்லும் இடங்களிலும் கல்விப்புலம் தன்னைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உழைப்பின் உடல்நிலை பற்றி எழுதப்படும் முதுநிலை ஆய்வேடுகளில் ‘ரூலா’ முறை பெருவழக்கு. மெக்காட்டம்னியும் கார்லெட்டும் 1993இல் வகுத்த எளிய, பயனுள்ள கருவி அது. மணிக்கட்டு நேராக இருந்தால் 1, 15 பாகைக்குள் மடங்கினால் 2, அதற்கு மேல் 3. பக்கவாட்டில் சாய்ந்தால் கூடுதலாக 1. அசைவு நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல் திரும்பினால் இன்னொரு 1. நான்கைந்து முறை நறுக்குபவருக்கும் நாற்பது முறை நறுக்குபவருக்கும் அந்த ஒரே ஒரு புள்ளிதான். விரைந்து மதிப்பிடுவதற்காகச் செய்த கருவியை முடிவான தீர்ப்பாக வாசித்தால் பீன்யாவின் உண்மையான சுமை அந்தப் புள்ளிக்குள் மறைந்துபோகும்.

இவ்வேடுகளின் கடைசி இயல் இன்னும் கவலைக்குரியது. புள்ளிகளைக் கூட்டி, இடர் உயர்வு எனக் கண்டு, ‘ஊழியர்களுக்குச் சரியான உடல்நிலை பற்றிய விழிப்புணர்வுப் பயிற்சி தேவை’ என்று முடியும் ஆய்வேடுகள் மலிந்துவிட்டன. கைப்பிடியின் விட்டம், கருவியின் எடை, இலக்கின் எண்ணிக்கை ஆகியவை அளக்கப்படாமலேயே பரிந்துரை பிறந்துவிடுகிறது. ஆலைக்குள் நுழைய இசைவு தந்தவரை வருத்தாத பரிந்துரை அது என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஆய்வுக்குட்பட்டவர்கள் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும். கை தாங்காமல் வேலையை விட்டுப் போனவர் ஆய்வு நாளன்று ஆலையில் இருப்பதில்லை. எஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு ‘அனுபவம் மிக்கவர்களிடம் நோவு குறைவு’ என்று எழுதுவது, தென்னாப்பிரிக்க முடிவைப் பற்றி மேலே எழுந்த ஐயத்தையே மறப்பதாகும்.

உடலின்மேல் பழிபோடும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1713இல் தம் நூலின் விரிந்த பதிப்பை வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் ரமட்சினி, எழுத்தர்களின் கைநோவுக்கு எழுதுகோலின் ஓயாத அசைவைக் காரணமாகக் கண்டார். அது நேர்மையான பார்வை. பிரிட்டனில் தந்தி இயக்குநர்களுக்கு வந்த கைப்பிடிப்பு 1908இல் இழப்பீட்டுக்குரிய நோய்ப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகளில் கூடிய அஞ்சல் துறைக் குழுவோ, களைப்புடன் இயக்குநரின் ‘நரம்புத் தளர்ச்சி’யையும் காரணமாக்கியது. தந்தி போய்விட்டது, அந்தத் தர்க்கம் இன்னும் போகவில்லை.

சட்டத்தில் இதற்குப் பண மதிப்பும் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்களை அறிவிக்கத்தக்கவையாக வகுத்தது. பீன்யாவின் முலாம் பட்டறைகளுக்குரிய குரோமியப் புண் அதில் உண்டு. ஓயாத அசைவால் மணிக்கட்டுத் தசைநாணுக்கு வரும் நோய் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலிலோ, கட்டைவிரல் பக்கத் தசைநாண் உறை அழற்சியும் கார்ப்பல் டனல் நோயும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. சுவிஸ் அறுவை மருத்துவர் டி கெர்வைன் 1895இல் விவரித்த நோய் முன்னது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சாதாரண நோய்விடுப்புக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையால் வந்த ஊனம் என்று ஏற்கப்பட்டால் 90 விழுக்காடு, இயலாமை நீடிக்கும் வரை. ஒரே மணிக்கட்டு, எந்தப் பெயரில் பதிவாகிறது என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வரும் பணம் மாறுகிறது.

பெயர் எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்கலாம். பெங்களூரின் ஆடை ஆலைகளில் பெரும்பான்மையோர் பெண்கள். டி கெர்வைன் நோய் கைக்குழந்தை தூக்கும் தாய்மாருக்கும் வருவது. மருத்துவர் ‘குழந்தை இருக்கிறதா? துணி பிழிகிறீர்களா?’ என்று கேட்பது முறையான கேள்வியே. ஆனால் ‘ஆம்’ என்ற விடையோடு விசாரணை முடிந்துவிட்டால், நாள்தோறும் எட்டு மணி நேரம் கத்தரி பிடித்த கை நோய்க்குறிப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. கைப்பட்டையும் ஓய்வும் எழுதித் தரப்படுகின்றன. ஓய்வெடுத்தால் ஊதியம் போகும் என்பவரிடம் எழுதித் தரப்படும் ஓய்வு, கடைக்குப் போகாத மருந்துச்சீட்டு போன்றது.

ஆலை உரிமையாளர் தரப்பையும் கேட்க வேண்டும். பீன்யாவின் சிறு பட்டறைகளில் உரிமையாளரே இயந்திரத்தில் நிற்பது அரிதன்று. அவருடைய மணிக்கட்டும் அதே மணிக்கட்டு. துண்டுக்கு இவ்வளவு என்ற விலையைத் தீர்மானிப்பவர் ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனம். அரத்துக்கு நல்ல கைப்பிடி பெரிய செலவன்று. சுற்றின் வேகத்தைக் குறைப்பதுதான் செலவு. எனவே கைப்பிடியோடு நின்றுவிடும் சீர்திருத்தம் பாதியில் நிற்கும். ஆனாலும் அது பாதியாவது போகும். ஊழியர் தம் கைக்குப் பொருந்தும் பிடியை இரண்டு மூன்று அளவுகளிலிருந்து எடுத்துக்கொள்வதற்கும், பிசிறு நீக்குபவரை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு வேலைக்கு மாற்றுவதற்கும், புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில வாரங்கள் குறைந்த இலக்கு வைப்பதற்கும் எந்தச் சட்டத்திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. துடுப்பு பிடிப்பவருக்கு எட்டு வாரம் தேவைப்படுகிறது என்று ஆய்வு சொல்கிறது. கத்தரி பிடிப்பவரின் தசைநாண் வேறு இழையால் ஆனதன்று.

இந்திய அறிவியல் கழகமும் மத்திய உற்பத்தித் தொழில்நுட்பக் கழகமும் பீன்யாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. தொழில்நோய்க்குரிய தேசிய நிறுவனத்தின் தென்மண்டல மையமும் இந்நகரில்தான் இருக்கிறது. ஆய்வு செய்ய வருபவர்கள் கொண்டுவரும் படிவங்களில் வயது, பாலினம், பணியாண்டு, நோவின் இடம், ரூலா புள்ளி ஆகிய கட்டங்கள் வழக்கமாக இருக்கின்றன. அவற்றுடன் இன்னும் ஐந்து கட்டங்கள் வேண்டும். கைப்பிடியின் விட்டம், ஊழியரின் உள்ளங்கை அகலம், ஒரு நிமிடத்தில் அசைவின் எண்ணிக்கை, நான்குக்கு மேலா என்றில்லாமல் உண்மையான எண்ணாகவே, கடந்த ஓராண்டில் அதே இடத்தில் வேலை செய்து விலகியவர்கள் எத்தனை பேர், இந்தக் கருவியைத் தேர்ந்து வாங்கியவர் யார், அதற்கு முன் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாரா.